அசையா நிலத்தின் அசைவு
கண்டத்தின் நடுவே பூகம்ப அபாயத்தைச் செயற்கைக்கோள் கொண்டு அளத்தல்

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள். விடியற்காலை நான்கு மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. மகாராஷ்டிர மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் உள்ள கிராமங்களில் முந்தைய நாள்தான் விநாயகர் திருவுருவங்களை நீரில் கரைத்து விழாவை முடித்திருந்தனர். களைத்து உறங்கிக் கொண்டிருந்த மக்கள்மீது அவர்களுடைய வீடுகளே இடிந்து வீழ்ந்தன. கில்லாரி என்னும் ஊரை மையமாகக் கொண்ட அப்பூகம்பத்தின் அளவு 6.2 ஆகும். உலகில் நிகழும் பூகம்பங்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தரமானது என்றே கூறவேண்டும். ஆயினும் பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் உயிரிழந்தனர்.

அன்று வழக்கிலிருந்த பூகம்ப மண்டல வரைபடம் நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்திருந்தது. கில்லாரி அவற்றுள் முதல் மண்டலத்தில், அதாவது அபாயம் மிகக் குறைந்ததெனக் கருதப்பட்ட பகுதியில் இருந்தது. தக்காணம் உறுதியான பழம்பாறையின்மேல் அமைந்தது, அங்கே நிலம் அசையாது என்னும் எண்ணம் பொறியியலாளர்களிடமும் பொதுமக்களிடமும் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தைச் சில விநாடி நேர அதிர்ச்சி தகர்த்துவிட்டது.

அசையாதெனக் கருதப்படும் நிலம் உண்மையில் எவ்வளவு அசைகிறது? அதை அளக்க இயலுமா? அளந்தால், அடுத்த அபாயத்தைப்பற்றி நாம் எதை அறிந்துகொள்ளலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளிம்பும் நடுவும்

பூமியின் மேலோடு பல பெருந்தகடுகளாகப் பிரிந்துள்ளது என்பதையும், அத்தகடுகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்பதையும் ஆசிரியர்கள் அறிவர். உலகின் பூகம்பங்களிற் பெரும்பாலானவை இத்தகடுகளின் விளிம்புகளிலேயே நிகழ்கின்றன. இரு தகடுகள் உராயும் இடத்தில் பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தகடுகளோ நகர்வதை நிறுத்துவதில்லை. ஆகவே விளிம்பிலுள்ள பாறை வில்லைப்போல் வளைந்து, தாங்கும் எல்லையைக் கடந்ததும் பிளவின் வழியே சடுதியில் சரிந்து நிமிர்கிறது. அந்நிமிர்ச்சியே பூகம்பம். 1906-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த பூகம்பத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு, ஹாரி ரீட் என்னும் அமெரிக்க அறிஞர் 1910-இல் இக்கொள்கையை வெளியிட்டார். பூகம்ப ஆராய்ச்சிக்கு நில அளவையே அடிகோலிற்று என்பது இங்கே கவனிக்கத் தக்கது.

விளிம்புகளில் கணக்கு ஓரளவு எளியது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இருபுறமும் ஆண்டுக்குச் சுமார் 35 மில்லிமீட்டர் வீதம் எதிரெதிராக நகர்கின்றன. அப்பிளவு முற்றிலும் பூட்டிக் கிடந்தால், 4½ மீட்டர் சரிவுக்கு வேண்டிய வளைவு ஏறத்தாழ 130 ஆண்டுகளில் சேர்ந்துவிடும். நமது இமயமலை அடிவாரத்திலும் ஆண்டுதோறும் 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை குறுக்கம் சேர்ந்து வருகிறது. இவற்றை அளப்பது இன்று அரிதன்று.

தகட்டின் உட்பகுதியோ வேறு வகையானது. அங்கே பூகம்பம் அரிது, ஆயினும் இல்லாமற்போவதில்லை. 1967 டிசம்பர் மாதத்தில் மகாராஷ்டிரத்தின் கொய்னாவிலும், 1969-இல் கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலத்திலும், 1997 மே மாதத்தில் ஜபல்பூரிலும் நிகழ்ந்த அதிர்ச்சிகள் தீபகற்பத்தின் உள்ளேயே தோன்றியவை. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கோயம்புத்தூர்ப் பகுதியை அசைத்த பூகம்பத்தின் அளவு சுமார் 6 என மதிப்பிடப்படுகிறது. இவ்விடங்களில் ஒரே பிளவு ஓர் ஆயுட்காலத்தில் இருமுறை பெரிதாக அசைந்ததை யாரும் கண்டதில்லை. ஆகவே பழைய பூகம்பங்களின் பட்டியலை மட்டும் நம்பி அபாயத்தைக் கணக்கிட இயலாது. நிலத்தையே நேராக அளந்து பார்க்கவேண்டும்.

சங்கிலியும் தியோடலைட்டும்

நிலத்தை அளக்கும் கலையில் நமது நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன், சென்னையை அடுத்த பரங்கிமலைக்கு அருகே சுமார் 7½ மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டினின்று முக்கோணம் முக்கோணமாகத் தொடர்ந்த அளவை தீபகற்பத்தைக் கடந்து இமயமலைவரை சென்றது. அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியைக் கோபுரங்களின் உச்சிக்கும் குன்றுகளின் முடிக்கும் ஏற்றிக் கோணங்களை அளந்தனர். பணியாளர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்கள் நட்ட அடையாளக் கற்கள் இன்றும் பல குன்றுகளில் உள்ளன.

அக்கற்களை நட்டவர்களின் நோக்கம் வரைபடம் வரைவதே. ஆயினும் அவர்களுடைய உழைப்பு பிற்காலத்தில் வேறொரு பணிக்கும் பயன்பட்டது. கில்லாரிப் பூகம்பத்தை அடுத்து, 1994-இல் ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியாவிலுள்ள பழைய முக்கோண அளவை நிலையங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றின்மேல் செயற்கைக்கோள் வாங்கிகளை அமைத்து அளந்தனர். 1864-ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பட்ட அளவைகளோடு அவற்றை ஒப்பிட்டபோது, நூற்று முப்பது ஆண்டுகளில் அம்முக்கோணங்களின் வடிவம் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்குக்கு மேல் மாறவில்லை என்பது புலனாயிற்று. அதற்கும் நுண்ணிய மாற்றத்தைப் பழைய கருவிகளால் காட்ட இயலாது. ஆகவே, மாற்றம் உண்டாயின் அது மிகச் சிறிது என்னும் முடிவோடு அவர்கள் அமைய வேண்டியிருந்தது.

விண்ணிலிருந்து அளப்பது எங்ஙனம்?

ஜி.பி.எஸ். எனப்படும் இடங்காட்டும் முறையின் செயற்கைக்கோள்கள் நிலத்திலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. செயற்கைக்கோள் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ரேடியோ அலைகளின் வாயிலாக அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்தடைந்த நேரத்துக்கும் உள்ள வேற்றுமையை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் அறிய மூன்று தூரங்கள் போதும். எனினும் தரையிலுள்ள வாங்கியின் கடிகாரம் அணுக் கடிகாரம் அன்று. அதன் பிழையையும் கண்டறிய வேண்டியிருப்பதால் நான்கு செயற்கைக்கோள்களேனும் தேவைப்படுகின்றன.

ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி 30 சென்டிமீட்டர் தூரம் செல்கிறது. ஆகவே நேரத்தை மட்டும் கொண்டு கணக்கிடும் சாதாரண வாங்கி சில மீட்டர் பிழையோடுதான் இடத்தைக் கூறும். கைப்பேசியில் வழி காண அது போதும். பாறையின் அசைவைக் காணப் போதாது. ஆராய்ச்சியாளர்கள் அலையில் ஏற்றப்பட்ட செய்தியோடு நில்லாது, அலையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். செயற்கைக்கோள் அனுப்பும் முதன்மையான இரண்டு அலைகளின் நீளம் முறையே சுமார் 19 சென்டிமீட்டரும் 24 சென்டிமீட்டரும் ஆகும். ஓர் அலையின் முகடு முதல் அடுத்த முகடு வரையுள்ள இடைவெளியில் நாம் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நுட்பமாக அறியலாம். இதனால் தூரத்தின் மாற்றத்தை ஓரிரு மில்லிமீட்டர் வரை உணர முடிகிறது.

இரண்டு அலைகள் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். வளிமண்டலத்தின் மேலடுக்கில் மின்னூட்டமுற்ற துகள்கள் நிறைந்த பகுதி அலைகளைத் தாமதப்படுத்துகிறது. அத்தாமதம் அலைநீளத்துக்கு ஏற்ப மாறுவதால், இரண்டையும் ஒப்பிட்டு அதைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். கீழடுக்கிலுள்ள நீராவியால் விளையும் தாமதத்தை அங்ஙனம் நீக்க இயலாது. வானில் பல திசைகளிலுள்ள கோள்களை நாள் முழுதும் நோக்கி, கணக்கின் மூலம் அதை மதிப்பிட்டுக் கழிக்கின்றனர்.

பிழைகளோடு போராட்டம்

ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்னும் அசைவைத் தேடுவோர்க்குப் பெரும்பகை பிழையே. ஒரு நாள் முழுதும் அளந்து பெறும் இடத்தில் கிடைமட்டமாக 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஐயம் இருக்கும். தேடப்படும் பொருளோ அதைவிடச் சிறியது. ஆகவே பொறுமையே இங்கே முதன்மையான கருவியாகும். பத்து ஆண்டுகள் தொடர்ந்து அளந்தால் ஒரு மில்லிமீட்டர் பத்து மில்லிமீட்டராகிக் கண்ணுக்குப் புலப்படும். நூற்றுக்கணக்கான நாட்களின் அளவுகளுக்கிடையே வரைந்த கோட்டின் சரிவே நிலத்தின் வேகம் ஆகும்.

இதிலும் தடைகள் உள. பருவமழைக் காலத்தில் பெய்யும் நீர், ஆறுகளிலும் ஏரிகளிலும் மண்ணிலும் தேங்கிப் பெரும்பாரமாக நிலத்தை அழுத்துகிறது. மழை நீங்கிய பின்னர் நிலம் மீண்டும் எழுகிறது. ஆண்டுதோறும் நிகழும் இம்மூச்சின் அளவு, தேடப்படும் அசைவைவிடப் பெரிது. ஆகவே இரண்டரை ஆண்டுகளுக்குக் குறைவான அளவைகளைக்கொண்டு வேகத்தைக் கூறுவது தவறாகும். கருவி நிற்கும் தூண் களிமண்ணில் நாட்டப்பட்டிருந்தால், கோடையில் மண் வெடித்து மழையில் ஊதும்போது தூணும் சாயும். அச்சாய்வைத் தகட்டின் அசைவென்று எண்ணி ஏமாறக்கூடும். எனவேதான் தூணைத் திறந்த பாறையிலோ, பாறைவரை துளைத்து இறக்கிய எஃகுக் குழாய்களிலோ நிறுத்துகின்றனர்.

அவ்வப்போது சென்று அளந்து திரும்பும் முறையில் மனிதனின் கையும் பிழைக்கு இடந்தரும். முக்காலியின் ரசமட்டம் சற்றே விலகினாலும், அடையாளக் குறிக்கு நேராகத் தூக்குக்குண்டு நில்லாவிடினும், கருவியின் உயரத்தைத் தவறாகக் குறித்தாலும், பத்தாண்டு உழைப்பு பாழாகும். களப்பணியாளர் ஒருவரின் அசட்டை ஒரு பிளவுக்கு இல்லாத வேகத்தைக் கொடுத்துவிடக் கூடும்.

அளவைகள் கூறுவது யாது?

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்திலும் ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்திலும் நிறுவப்பட்ட நிலையான வாங்கிகள் நீண்ட காலமாக இடைவிடாது அளந்து வந்துள்ளன. அவை தரும் முதற்செய்தி வியப்பூட்டுவது. உலகப் பொதுச் சட்டகத்தோடு ஒப்பிட்டால், பெங்களூரும் ஹைதராபாத்தும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வீதம் வடகிழக்கு நோக்கி விரைகின்றன. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது சற்று மிகுதி.

இரண்டாவது செய்தி முதலாவதற்கு மாறாகத் தோன்றும். இவ்விரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில், ஒரே திசையில் செல்கின்றன. புகைவண்டி எவ்வளவு விரைந்து சென்றாலும் உள்ளே எதிரெதிரே அமர்ந்த இரு பயணிகளின் இடைவெளி மாறாததுபோல், இவற்றினிடையே உள்ள தூரமும் மாறுவதில்லை. நாடெங்கும் பரவிய பல நிலையங்களின் அளவைகளை ஒருங்கே ஆராய்ந்தபோதும், இமயத்தை ஒட்டிய பகுதிகளை விலக்கிவிட்டால், இந்தியத் தகட்டின் உட்பகுதியில் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வளைவோ குறுக்கமோ தென்படவில்லை.

இவ்வெண்ணின் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். 500 கிலோமீட்டர் தூரம் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் குறுகுவதாகக் கொள்வோம். 500 கிலோமீட்டரில் 50 கோடி மில்லிமீட்டர்கள் உள்ளன. ஆகவே ஆண்டுத் திரிபு ஐம்பது கோடியில் ஒரு பங்கு. 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பிளவு ஒரு மீட்டர் சரியுமாயின், அங்கே விடுபடும் திரிபு பதினாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு திரிபு மேற்கூறிய வேகத்தில் சேர்வதற்கு 50,000 ஆண்டுகள் ஆகும். இது தோராயமான கணக்கே; திரிபு எங்கும் சமமாகப் பரவுவதில்லை. எனினும், கலிபோர்னியாவின் 130 ஆண்டுகளையும் இந்த 50,000 ஆண்டுகளையும் அருகருகே வைத்தால், மனிதனின் நினைவும் எழுதிய வரலாறும் ஏன் கண்ட நடுவே துணைபுரியவில்லை என்பது விளங்கும்.

நியூ மாட்ரிட் கற்பித்த பாடம்

அமெரிக்காவின் மத்தியில், மிசிசிப்பி நதிக்கரையில் நியூ மாட்ரிட் என்னும் சிற்றூர் இருக்கிறது. தகட்டு விளிம்பினின்று அது மிகத் தொலைவில் உள்ளது. அங்கே 1811 டிசம்பர் 16, 1812 ஜனவரி 23, பிப்ரவரி 7 ஆகிய நாட்களில் மூன்று பெரும் பூகம்பங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. மண்ணிற் புதைந்த மணற் கொப்புளங்களை அகழ்ந்து ஆராய்ந்ததில், சுமார் கி.பி. 900-லும் 1450-லும் அங்கே பெரும் அதிர்ச்சிகள் நேர்ந்தமை தெரியவந்தது. ஆகவே ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை அபாயம் மீளும் எனக் கருதினர்.

1992-இல் ஓர் ஆராய்ச்சிக் குழு, 1950-களின் முக்கோண அளவையைப் புதிய செயற்கைக்கோள் அளவையோடு ஒப்பிட்டு, அங்கே நிலம் ஆண்டுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் வேகத்தில் அசைவதாக அறிவித்தது. தகட்டின் நடுவே இது பெரிய வேகம். ஆனால் 1999-இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி, பல ஆண்டுகள் செயற்கைக்கோள் வாங்கிகளாலேயே அளந்து, அசைவு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு என்று காட்டிற்று. 2009-இல் எரிக் கலே, சேத் ஸ்டைன் ஆகிய இருவரும், அது ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு என்று வெளியிட்டனர். ஆண்டுகள் கூடக்கூட, அளவை நுட்பமாக நுட்பமாக, அசைவு பூச்சியத்தை நெருங்கிற்று.

இதன் பொருள் யாது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை எழுந்தது. அசைவில்லையாதலால் புதிய திரிபு சேரவில்லை. நியூ மாட்ரிட் பிளவு தன் கடமையை முடித்து ஓய்ந்துவிட்டது. ஆகவே அப்பகுதியில் கலிபோர்னியாவுக்கு ஈடான கட்டட விதிகளைப் புகுத்துவது வீண் செலவு என்று ஒரு சாரார் கூறினர். மூன்று முறை அதிர்ந்த இடம் நான்காம் முறையும் அதிரக்கூடும். பூகம்பத்துக்கு முன் மேற்பரப்பில் அசைவு தென்படவேண்டும் என்னும் விதி கண்ட நடுவில் செல்லாது. ஆகவே பாதுகாப்பைத் தளர்த்தலாகாது என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். மெம்பிஸ் முதலிய நகரங்களில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் எவ்வளவு வலிவோடு கட்டப்படவேண்டும் என்னும் பொருளாதார வினாவும் இவ்வாதத்தில் அடங்கியிருந்தது.

வரவும் இருப்பும்

இக்குழப்பத்தைத் தெளிவிக்க, வீட்டுக் கணக்கை எண்ணிப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் மாத வரவு மிகச் சிறிதாக இருக்கலாம். அதனால் அக்குடும்பத்தின் பெட்டியில் பணமே இல்லை என்று முடிவு செய்யலாகாது. முன்னோர் சேர்த்த இருப்பு இருக்கக்கூடும். செயற்கைக்கோள் அளவை காட்டுவது திரிபின் வரவை மட்டுமே. பாறையில் முன்னரே சேர்ந்துள்ள இருப்பை அது காட்டாது.

விளிம்பிலுள்ள பிளவு அன்றாடம் ஈட்டி அன்றாடம் செலவழிக்கும் குடும்பத்தை ஒத்தது. அங்கே வரவைக் கண்டு செலவைக் கணிக்கலாம். கண்டத்தின் நடுவிலுள்ள பழம்பாறையோ, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்த இருப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. தகட்டை வடக்கு நோக்கித் தள்ளும் விசையும் அதை எதிர்க்கும் இமயத்தின் தடையும் சேர்ந்து தீபகற்பம் முழுவதையும் இடைவிடாது நெருக்குகின்றன. கில்லாரியில் பாறை ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விதம் இந்நெருக்குதலோடு பொருந்துகிறது. இங்ஙனம் நெருக்குண்ட பாறையில் ஒரு சிறு காரணமும் பிளவைத் திறந்துவிடப் போதும். கொய்னாவில் அணை நீர்த்தேக்கம் நிரம்பிய பின்னரே அதிர்ச்சிகள் தொடங்கின. நீரின் பாரமும், பிளவுகளில் இறங்கிய நீரின் அழுத்தமும் அவற்றைத் தூண்டின என்பது பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இருப்புச் செலவான இடத்தில் மீண்டும் சேர்வதற்கு நெடுங்காலம் ஆவதால், அடுத்த பூகம்பம் வேறோர் இடத்தில் தோன்றுவதும் உண்டு. வட சீனத்தின் 2,000 ஆண்டு வரலாற்றுக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், பெரும் பூகம்பங்கள் ஒரே பிளவுப் பகுதியில் மீண்டும் நிகழாமல் இடம் மாறிச் சென்றதைக் கண்டனர். அபாயம் மிகுதியாக எதிர்பார்க்கப்படாத டாங்ஷான் நகரத்தில் 1976 ஜூலை 28-இல் நிகழ்ந்த பூகம்பம் 2,40,000-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள டென்னன்ட் கிரீக்கில் 1988 ஜனவரி 22 அன்று 12 மணி நேரத்தில் 6-க்கு மேற்பட்ட அளவுடைய மூன்று பூகம்பங்கள் நேர்ந்தன. நேற்று அதிர்ந்த இடத்தை மட்டும் சிவப்பாகவும், அதிராத இடத்தைப் பச்சையாகவும் தீட்டும் வரைபடம் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதற்கு இவை சான்று.

கில்லாரியிலும் 1992 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிறு அதிர்வுகள் பல உணரப்பட்டன. மக்கள் அஞ்சினர், பின்னர் அதிர்வுகள் ஓய்ந்தன, அச்சமும் ஓய்ந்தது. அவை பெரும் பூகம்பத்தின் முன்னறிவிப்பு என்று அன்று எவராலும் கூறியிருக்க முடியாது. அத்தகைய சிறு அதிர்வுகள் பல ஊர்களில் வந்து, பின்விளைவு ஏதுமின்றி மறைகின்றன.

அங்ஙனமாயின் அளப்பது எதற்கு?

வரவை மட்டுமே காட்டும் கருவியால் பயன் என்ன என்று ஐயுறலாம். பயன்கள் உள. முதலாவதாக, ஒரு பகுதியில் திரிபு எவ்வளவுக்கு மேற்படாது என்னும் மேல் எல்லையை அது தருகிறது. இவ்வெல்லையை அறிந்தால், பல்லாண்டுக் காலத்தில் அப்பகுதி முழுவதிலும் சேர்ந்து எத்தனை பூகம்பங்கள் நிகழக்கூடும் என்பதை மதிப்பிடலாம். எந்தக் கிராமத்தில் என்று கூற இயலாவிடினும், இம்மதிப்பீடு கட்டட விதிகளுக்கு உதவும்.

இரண்டாவதாக, உட்பகுதி எல்லாம் ஒரே தன்மையன அல்ல. குஜராத்தின் கச்சுப் பகுதி தகட்டு விளிம்பினின்று சில நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1819-இல் அங்கே நிகழ்ந்த பூகம்பம் 80 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள மேட்டை எழுப்பிற்று. மக்கள் அதை ‘அல்லாவின் கரை’ என்று அழைத்தனர். 2001 ஜனவரி 26, குடியரசு நாளன்று காலை, பூஜ் நகரை அடுத்து 7.7 அளவில் பூகம்பம் நிகழ்ந்தது. அதன் பின்னர், 19-ஆம் நூற்றாண்டு அளவையாளர் நட்ட கற்களை ஆராய்ச்சியாளர்கள் கச்சில் தேடிச் சென்று செயற்கைக்கோளால் அளந்து, பழைய கணக்கோடு ஒப்பிட்டு, நிலம் எங்கே எவ்வளவு பெயர்ந்தது என்பதை அறிந்தனர். கற்கள் இல்லையேல் அச்செய்தி கிடைத்திராது.

மூன்றாவதாக, இன்று அளப்பது நாளைய ஆராய்ச்சியாளருக்கு அடிக்கோடாகும். 1802-இல் லாம்டன் அளந்தது நமக்குப் பயன்பட்டதுபோல், இன்றைய மில்லிமீட்டர் கணக்கு 22-ஆம் நூற்றாண்டின் மாணவருக்குப் பயன்படும். இதனோடு பூகம்பமானிகளின் பதிவுகளையும், அகழ்ந்தெடுத்த மண்ணடுக்குகளின் சான்றையும், கோயிற் கல்வெட்டுகளிலும் ஊர்க் கணக்குகளிலும் உள்ள பழங்குறிப்புகளையும் இணைத்துப் பார்த்தால்தான் அபாயத்தின் முழு உருவம் தோன்றும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியன

குன்றின் உச்சியில் முக்கோணக் குறியோ வட்டக் குறியோ பொறித்த ஒரு கல்லைக் கண்டால், அதைப் பெயர்த்து வேலிக்கும் படிக்கட்டுக்கும் பயன்படுத்தாதபடி ஊராருக்கு அறிவுறுத்துவது களப்பணியாளரின் கடமை. அதன் அருகே கைப்பேசிக் கோபுரமோ பெருங்கட்டடமோ எழும்பினால், வானத்தின் ஒரு பகுதி மறைவதோடு, சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் அளவையைக் கெடுக்கும். குறி சேதமுற்றிருந்தால் நில அளவைத் துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நிலையான வாங்கி அமைந்துள்ள பள்ளி வளாகங்களில், தூணின்மீது மாணவர் ஏறாமலும், மரக்கிளை வளர்ந்து மறைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் ஆசிரியர் ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். மேசைமீது ஒரு செங்கல்லை வைத்து, அதில் கட்டிய ரப்பர் நாடாவின் மறுமுனையை மெல்ல, ஒரே சீராக இழுக்க வேண்டும். செங்கல் சிறிது நேரம் அசையாது. நாடா மட்டும் நீளும். பின்னர்ச் செங்கல் திடீரெனத் தாவும். தாவும் நேரத்தை முன்கூட்டிக் கூறுமாறு மாணவர்களைக் கேட்டால், ஒருமுறை சரியாகவும் மறுமுறை தவறாகவும் கூறுவர். நாடாவை எவ்வளவு வேகமாக இழுக்கிறோம் என்பது வரவு. நாடா முன்னரே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது இருப்பு. இரண்டும் வெவ்வேறு என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். மேலே கூறிய ஐம்பது கோடிக் கணக்கையும் அவர்களே செய்து பார்க்கட்டும்.

எல்லாவற்றினும் முதன்மையானது கட்டடம். கில்லாரியில் உயிர்களைக் கவர்ந்தவை, சேற்றைக் குழைத்து அடுக்கிய கனத்த கற்சுவர்களும், அவற்றின்மேல் மண்ணைத் தடிப்பாகப் பரப்பிய கூரைகளுமே. வெயிலுக்கு இதமான அவ்வீடுகள் பக்கவாட்டு அசைவைத் தாங்கவில்லை. சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனியே பிரிந்து சரிந்தன. இரு புறங்களையும் பிணைக்கும் நீண்ட கற்கள் இடையிடையே இருந்திருந்தால், கதவு சன்னல்களின் மேல்மட்டத்தில் நான்கு சுவர்களையும் கட்டிச் சுற்றும் கான்கிரீட் பட்டை இருந்திருந்தால், பலர் தப்பியிருப்பர். புதிய பள்ளிக் கட்டடத்தின் வரைபடம் பார்வைக்கு வரும்போது, அப்பட்டை அதில் உள்ளதா என்று ஒரு தலைமையாசிரியர் கேட்பது சிறு செயல். ஆனால் அது பல குழந்தைகளின் உயிர் காக்கும் செயலாகக் கூடும்.

2002-ஆம் ஆண்டில் மண்டல வரைபடம் திருத்தப்பட்டபோது, முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டு இரண்டாவதோடு இணைக்கப்பட்டது. கில்லாரி மூன்றாவது மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. நாட்டின் எந்தப் பகுதியையும் முற்றிலும் அச்சமற்றதென்று கொள்ளலாகாது என்னும் அறிவு அத்திருத்தத்தில் அடங்கியுள்ளது. அவ்வறிவுக்குக் கொடுத்த விலை ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்கள்.

நிலம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே அசைகிறது என்று கருவி கூறும்போது, ‘இவ்வளவு தானா!’ என்று வியந்து கண்ணுறங்கலாகாது. அம்மில்லிமீட்டரைத் தொடர்ந்து அளந்துகொண்டே, வீட்டையும் பள்ளியையும் வலிவாகக் கட்டிக்கொள்வதே அறிவுடைமை. அளவை நூறாண்டுகள் காத்திருக்கலாம். சுவரைத் திருத்துவது அங்ஙனம் காத்திருக்கலாகாது.